மறுப்புக்கும் ஒரு சீட்டுக் கொடுங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கும், அத்திட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ள மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கும்:

ஏப்ரல் 23ஆம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, என் தந்தையின் இதயத்தில் மீதமிருக்கும் ஓர் அடைப்பைச் சரிசெய்துகொள்வதற்காக, ஆறு வாரங்களுக்கு முன் அவருக்கு ஸ்டென்ட் (அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) பொருத்திய அதே தனியார் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர் எதுவும் உண்ணவில்லை. வேதாரண்யத்திலிருந்து முதல் பேருந்தில் புறப்பட்டு, வழியில் ஒரு பேருந்து மாறி, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்த கண்ணாடியில் தட்டச்சு செய்த ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. இதய சிகிச்சைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மறு அறிவிப்பு வரும்வரை இல்லை என்று அதில் எழுதியிருந்தது. தேதி இல்லை, கையொப்பம் இல்லை, காரணமும் இல்லை. அன்று பிற்பகல் திட்டத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். அந்த மருத்துவமனையின் பெயரும் அதன் எதிரே இதயநோய்ப் பிரிவும் பட்டியலில் அப்படியே இருந்தன. இந்த மடலை எழுதும் நாள்வரை அவை அங்கேயே இருக்கின்றன.

நான் ஓர் உப்பளத் தொழிலாளியின் மகள். கடைத்தெருவில் ஒரு நகலகத்தில் கணினியில் தட்டச்சு செய்யும் வேலை பார்க்கிறேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலர் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றை நகலெடுத்துக்கொண்டு காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்க ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள். அந்த அட்டை கிடைத்துவிட்டால் ஐந்து லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று அவர்களில் எத்தனையோ பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு நானும் பொறுப்பு என்று நினைப்பதால்தான், எங்களுக்கு நடந்ததை நாள் வாரியாக எழுதி வைத்திருந்த நோட்டிலிருந்து இதை எடுத்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 11ஆம் தேதி விடியற்காலையில் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது என் தந்தைக்கு மார்பை அழுத்துவது போன்ற வலி வந்தது. இடது கை மரத்துப்போய், உடம்பெல்லாம் வியர்த்து, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். உடன் வேலை செய்தவர்கள் இருசக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பணியிலிருந்த செவிலியர் ஈசிஜி எடுத்து, இதயம் காப்போம் திட்டத்தின்படி ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8 என்று 14 மாத்திரைகளை எண்ணி அவர் வாயில் போட்டு விழுங்கவைத்தார். 108 ஊர்தி வந்தது. அது கொண்டுபோய்ச் சேர்த்த அரசு மருத்துவமனையில், உள்ளே நுழைந்த அரை மணி நேரத்துக்குள் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். ஒரு ரூபாயும் கேட்கவில்லை. வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது. என் தந்தை இன்று உயிரோடு இருப்பதற்கு 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அந்தத் திட்டமும், அன்று காலைப் பணியிலிருந்த அந்தச் செவிலியரும் காரணம் என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறேன். இந்த மடலில் நான் கேள்வி கேட்பது அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பற்றி.

ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரி, ஆஞ்சியோகிராம் செய்வதற்காக உயர் சிகிச்சை மையத்தை அணுகவும் என்பது. ஆஞ்சியோகிராம் என்பது இதய இரத்தக்குழாய்க்குள் குழல் செலுத்தி அடைப்பைப் பார்க்கும் சோதனை; அதைச் செய்யும் கேத் லேப் அங்கே இல்லை. அது அங்கிருந்த மருத்துவர்களின் குற்றமில்லை. எந்த மையம் என்று கேட்டேன். காப்பீட்டு அட்டை இருக்கிறதல்லவா, பட்டியலில் உள்ள எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார்கள். எங்கே வேண்டுமானாலும் என்ற அந்தச் சொல்லோடு, மாரடைப்பு வந்து ஐந்தே நாளான ஒருவரைப் பேருந்தில் வீட்டுக்கு அழைத்துவந்தோம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி போட்ட நோயாளியை 3 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கு மாற்றி ஆஞ்சியோகிராம் செய்வது நல்லது என்பது வெளிநாட்டிலிருந்து வந்த அறிவுரை மட்டும் அன்று. தமிழ்நாட்டிலேயே 2012 முதல் 2014 வரை, சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, அந்த முடிவுகளை 2017இல் உலக அளவிலான மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். இந்த இணைப்பு ஏற்படுவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 பேர், இணைப்பு ஏற்பட்ட பின் 14.2 பேர். ஏழை நோயாளிகளை அதில் சேர்க்க முடிந்ததற்கு இந்த மாநிலத்தின் காப்பீட்டுத் திட்டமே துணையாக இருந்தது. இதை நம் மாநிலமே செய்து பார்த்து, நம் நோயாளிகளைக் கொண்டே நிறுவியது. என் தந்தைக்கு அந்த 24 மணி நேரம் 29 நாள்களானது.

அந்த நாள்களில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நாங்கள் சும்மா இருக்கவில்லை. பட்டியலில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய நான்கு மாவட்டங்களைத் தேடி, இதயநோய் என்ற பிரிவுள்ள மருத்துவமனைகளில் எங்களால் போய்வரக்கூடிய 16 பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். கடையில் மதிய உணவு வேளையில் ஒவ்வொன்றாக அழைத்தேன். மூன்று எண்களில் மணியே அடிக்கவில்லை. நான்கு இடங்களில், இதயநோய் மருத்துவர் இப்போது வருவதில்லை, பொது மருத்துவரைப் பார்க்கலாம் என்றார்கள். ஐந்து இடங்களில், காப்பீடு உண்டு, ஆனால் ஆஞ்சியோவுக்கு எடுப்பதில்லை என்றார்கள். இரண்டு இடங்களில் தேதி கேட்டபோது ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்று சொன்னார்கள். தொலைபேசியில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, போன பிறகு 25,000 ரூபாய் முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றது ஒரு மருத்துவமனை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அனுமதி வந்ததும் அதைத் திருப்பித் தருவோம் என்றார்கள். இது கட்டணமில்லாச் சிகிச்சைக்கான திட்டம், பணம் வாங்கக்கூடாது என்று நான் சொன்னதற்கு, அப்படியானால் வாங்காத இடத்துக்குப் போங்கள் என்று பதில் வந்தது. பதினாறாவது மருத்துவமனைதான் என் தந்தையை ஏற்றுக்கொண்டது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது எது என்று எண்ணிப் பார்த்தால், தொலைபேசியில் இல்லை என்று சொன்ன இடங்களைவிட, வாருங்கள் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டுவிட்டுப் பிறகு இல்லை என்று சொன்ன இடங்களே நினைவுக்கு வருகின்றன. மேலே சொன்ன ஐந்தில் மூன்று இடங்களில் ஆஞ்சியோவுக்குக் காப்பீடு இல்லை என்பதை எங்களுக்கு முதலில் சொல்லவில்லை. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று 500 ரூபாயோ 600 ரூபாயோ வாங்கினார்கள். பிறகு, ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். பத்து நாளுக்கு முன் அரசு மருத்துவமனையில் எடுத்த எக்கோ அறிக்கையைக் காட்டினால், அது போதாது, இங்கே எடுத்தால்தான் மருத்துவர் பார்ப்பார் என்றார்கள். அதற்கு 1,500 ரூபாய். சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்க ஓர் இரத்தப் பரிசோதனை. எல்லாம் முடித்துப் பிற்பகலில் மருத்துவர் அறைக்குள் போனால், அடைப்பு இருக்கும், ஆஞ்சியோ செய்தே ஆக வேண்டும், கீழே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள் என்பார். கீழே கேட்டால், அந்த மருத்துவர் காப்பீட்டில் செய்வதில்லை என்பார்கள். ஆஞ்சியோகிராம் என்ற ஒன்று நடக்கும் முன்பே எங்கள் கையிலிருந்து செலவான தொகை, பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்து, 14,350 ரூபாய். அதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பதற்கும் எக்கோவுக்கும் நாங்கள் தந்த பணத்தைக் கேட்பதற்கு எங்களுக்கு எந்த வழியும் தெரியவில்லை.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் நான் சந்தித்த இதயநோய் மருத்துவர் நல்லவர். என் தந்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே என்னிடம் பொறுமையாக விளக்கினார். பட்டியலில் இருப்பது இந்த மருத்துவமனைதான் அம்மா, நான் இல்லை, நான் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இங்கே வருகிறவன், எனக்கு இவர்கள் தருவது வேறு கணக்கு என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் வெளியிட்டிருப்பது கட்டடங்களின் பட்டியல். என் தந்தைக்கு வேண்டியிருந்தது ஒரு மருத்துவர். கட்டடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு, அதற்குள் எந்த மருத்துவர், எந்தக் கிழமையில், எந்தச் சிகிச்சையை, இந்த அட்டைக்குச் செய்வார் என்பதை ஒரு குடும்பம் தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் நோயாளியைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய், மாடிப்படி ஏறவைத்து, வரிசையில் உட்காரவைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. திருவாரூரில் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடிக்கு ஏறும்போது பாதியில் நின்று, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்று என் தந்தை கேட்டார். அவர் அப்படிக் கேட்கிறவர் இல்லை.

பணம் கட்டினால் இந்தத் தேடல் எதுவும் இல்லை. காப்பீட்டில் தேதி இல்லை என்று சொன்ன அதே மேசையில், கையில் கட்டுவதாக இருந்தால் ஆஞ்சியோவை நாளை காலையே முடித்துவிடலாம், 18,000 ரூபாய், அடைப்பு இருந்தால் சிகிச்சை மேசையிலேயே ஸ்டென்ட் வைத்துவிடலாம், எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய் ஆகும் என்று ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இல்லாத தேதி அங்கே உடனே வந்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றின் விலையை மத்திய அரசு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியபோது, ஏழைகளுக்கும் இதய சிகிச்சை எட்டும் என்று நாங்கள் நினைத்தோம். ஸ்டென்டின் விலை குறைந்தது உண்மைதான். அதைப் பொருத்துகிற மேசைக்குப் போய்ச்சேரும் வழி எங்களுக்குத் திறக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் என் தந்தைக்குப் பக்கத்துப் படுக்கையில் மீன்பிடித் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே அட்டை உண்டு, இதே வரி அவருடைய சம்மரியிலும் இருந்தது. மூன்று மருத்துவமனைகளுக்குப் போன பிறகு அவருடைய மனைவி வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து 1,75,000 ரூபாய் கட்டி அவருக்கு ஸ்டென்ட் வைக்கச் செய்தார். அவரைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் ஏதாவது பதிவு இருக்குமா? இருக்காது. ஏனென்றால் அவர் உங்கள் திட்டத்தில் சிகிச்சை பெறவில்லை. உங்கள் கணக்கில் அவர் நோயாளியே இல்லை.

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். இந்தத் திட்டத்தில் ஒப்புதலுக்கு ஒரு தாள் இருக்கிறது; மறுப்புக்கு எதுவும் இல்லை. ஒரு நோயாளியை மருத்துவமனை ஏற்றுக்கொண்டால் அவருடைய பதிவு எண், நோயின் பெயர், சிகிச்சையின் குறியீடு, முன் அனுமதி கேட்ட நேரம், அனுமதி கிடைத்த நேரம், பணம் வழங்கிய நாள் எல்லாம் பதிவாகின்றன. எத்தனை பேர் பயனடைந்தார்கள், எத்தனை கோடி செலவானது என்று சட்டமன்றத்தில் படிக்கிறீர்கள். ஒரு நோயாளியை வாசலில் திருப்பி அனுப்பினால் அது வாய்ச்சொல்லாகவே நடந்து வாய்ச்சொல்லாகவே முடிந்துவிடுகிறது. எந்த எண்ணிக்கையிலும் அது சேர்வதில்லை. அதனால் திருப்பி அனுப்புவதற்கு எந்த விலையும் இல்லை.

இதை நான் ஊகத்தால் சொல்லவில்லை. முன்பணம் கேட்ட மருத்துவமனையைப் பற்றித் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணான 1800 425 3993க்கு அழைத்துப் புகார் சொன்னேன். பேசியவர் மரியாதையாகப் பேசி, விவரங்களை முழுமையாகக் குறித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தது. விசாரித்தோம், உங்கள் தந்தை சேர்க்கைக்கு வரவில்லை என்று மருத்துவமனை சொல்கிறது, நீங்கள் போனதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். என்னிடம் என்ன ஆதாரம் இருக்கும்? 25,000 ரூபாய் கேட்டார்கள் என்பதற்கு ரசீது கிடைக்குமா? பேருந்துச் சீட்டை வைத்திருந்தேன். அது நான் அந்த ஊருக்குப் போனதை மட்டும் சொல்லும். புகார் முடித்துவைக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் குறைதீர்க்கும் குழு இருக்கிறது என்பதையும் அறிவேன். அங்கேயும் முதல் கேள்வி ஆதாரம் என்ன என்பதாகத்தான் இருக்க முடியும். ஒரு குழு அப்படிக் கேட்பதைத் தவறென்றும் நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் 12ஆம் தேதி என் தந்தைக்கு ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இடது பக்க முன் குழாயில் பெரிய அடைப்பு இருந்தது. அன்றே ஸ்டென்ட் பொருத்தினார்கள். வலது பக்கக் குழாயிலும் ஓர் அடைப்பு இருந்தது. அதை அப்போதே தொடாமல், இதயம் கொஞ்சம் தேறிய பிறகு, ஆறு வாரம் கழித்துச் செய்வது நல்லது என்று மருத்துவர் முடிவு செய்து ஏப்ரல் 23 என்று தேதி கொடுத்தார். அந்த மருத்துவமனையில் எங்களிடம் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பயணப்படியும் கொடுத்தார்கள். திட்டம் எழுத்தில் உள்ளபடி நடந்தால் எப்படி இருக்கும் என்பதை அங்கே நான்கு நாள் பார்த்தோம். அந்த மருத்துவமனைதான் ஏப்ரல் 23 அன்று கண்ணாடியில் தாள் ஒட்டியிருந்தது.

அன்று அந்த மருத்துவரையும் பார்த்தேன். தான் செய்யத் தயாராக இருப்பதாகவும், திட்டத்திலிருந்து வர வேண்டிய தொகை ஐந்து மாதமாக வரவில்லை என்று நிர்வாகம் நிறுத்திவைத்திருப்பதாகவும் சொன்னார். அது உண்மையா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியும். உண்மையானால், பணம் வராமல் ஸ்டென்ட் வாங்கிப் பொருத்திக்கொண்டே இருங்கள் என்று ஒரு நிர்வாகத்திடம் சொல்ல எனக்கு உரிமையில்லை, அதை நீங்கள் தீர்க்க வேண்டும். உண்மையில்லையானால், அந்த மருத்துவமனை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் எதுவாக இருந்தாலும், ஒரு குழாயைத் திறந்துவிட்டு மறு குழாய்க்குத் தேதியும் கொடுத்துவிட்டு, அந்தத் தேதியில் வந்து நிற்கிறவரை வாசலோடு திருப்பி அனுப்புவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அவர் புதிதாக வந்தவர் அல்லர். பாதிச் சிகிச்சையில் இருப்பவர். இரத்தம் உறையாமல் இருக்க ஓராண்டு காலத்துக்கு ஒரு நாளும் தவறாமல் மாத்திரை சாப்பிட வேண்டியவர். இப்போது வேறு மருத்துவமனைக்குப் போனால், முதலில் செய்தவர்களே முடித்துத் தர வேண்டும், மற்றவர் வைத்த ஸ்டென்டுக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது என்கிறார்கள். ஏப்ரல் 23க்குப் பிறகு அப்படி இரண்டு இடங்களில் கேட்டுவிட்டேன். அந்த இரண்டு மறுப்புக்கும் என்னிடம் எந்தத் தாளும் இல்லை.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஒரு லட்ச ரூபாயோடு தொடங்கி, 2012 ஜனவரியில் இன்றைய பெயரைப் பெற்று, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து ஐந்து லட்சமாக உயர்ந்த வரலாறு இதற்கு உண்டு. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது எங்கள் தெருவில் மேலும் பல குடும்பங்களுக்கு அட்டை கிடைத்தது. ஆட்சி மாறியபோது பெயர் மாறினாலும் இந்தக் காப்பீடு தொடர்ந்தது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் 2021 முதல் இந்த மாநிலத்தில் இருக்கிறது; என் தந்தையின் இரத்த அழுத்த மாத்திரை அப்படித்தான் வருகிறது. ஆகவே என் வேண்டுகோள்கள் இந்த அரசின் நிர்வாகத்துக்கு முடியாதவை என்று யாரும் சொல்ல முடியாது என்று நம்புகிறேன். அவற்றைக் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

முதலாவது, பட்டியலில் உள்ள எந்த மருத்துவமனையும் காப்பீட்டு அட்டையோடு வரும் நோயாளியை மறுத்தால், யாரை, எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தக் காரணத்துக்காக மறுத்தது என்று எழுதி, முத்திரையிட்டு ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிடுங்கள். மருத்துவர் இல்லை, கருவி பழுது, படுக்கை இல்லை, தொகை நிலுவை என எதுவாக இருந்தாலும் அது எழுத்தில் இருக்கட்டும். சீட்டுக் கொடுக்க மறுத்தால், நோயாளி வாசலில் நின்றபடியே கட்டணமில்லா எண்ணை அழைத்து அதைப் பதிவு செய்யவும், அந்தப் பதிவையே ஆதாரமாக ஏற்கவும் வழி செய்யுங்கள். சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கையை வெளியிடும்போது, மறுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் மாவட்ட வாரியாக அதன் பக்கத்திலேயே வெளியிடுங்கள். மற்ற வேண்டுகோள்களில் எதை ஒத்திவைத்தாலும் இதை ஒத்திவைக்காதீர்கள்.

இரண்டாவது, இதயநோய்ப் பிரிவுக்கான பட்டியலை மருத்துவமனையின் பெயரோடு நிறுத்தாமல், அங்கே இத்திட்டத்தின்கீழ் ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும் செய்யும் மருத்துவர் யார், எந்தக் கிழமைகளில் இருப்பார், கடைசியாக எந்த நாளில் இத்திட்டத்தில் அந்தச் சிகிச்சை நடந்தது என்பவற்றோடு வெளியிடுங்கள். முன் அனுமதி கொடுப்பது நீங்கள்தான் என்பதால் அந்தக் கடைசித் தேதி ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. ஆறு மாதமாக ஓர் ஆஞ்சியோகூடச் செய்யாத மருத்துவமனை எது என்பதை நோயாளி நடந்துபோய்த் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. சிகிச்சையை நிறுத்திவைத்தால் அன்றே பட்டியலிலும் அது தெரிய வேண்டும்.

மூன்றாவது, கட்டியைக் கரைக்கும் ஊசி போட்ட அரசு மருத்துவமனையிலிருந்து எந்த நோயாளியையும் உயர் மையத்தை அணுகவும் என்ற ஒரு வரியோடு அனுப்பக்கூடாது. எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர், எந்த நாள் என்பதை அனுப்புகிற மருத்துவமனையே பேசி உறுதி செய்து, உடல்நிலை இடம் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் 108 ஊர்தியிலேயே அங்கே மாற்ற வேண்டும். அப்படி மாற்றப்படுகிறவருக்குச் செய்யப்படும் முதல் மருத்துவ ஆலோசனை, எக்கோ, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் செலவைத் திட்டமே ஏற்க வேண்டும்.

நான்காவது, ஒரு மருத்துவமனை இத்திட்டத்தின்கீழ் ஒருவருக்கு இதய சிகிச்சையைத் தொடங்கி, அடுத்த கட்டத்துக்குத் தேதியும் கொடுத்துவிட்டால், இடையில் திட்டத்திலிருந்து விலகினாலும் அந்த நோயாளியின் மீதிச் சிகிச்சையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். அது இயலாத இடத்தில், அவரை ஏற்றுக்கொள்ளும் வேறொரு மருத்துவமனையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்கள் மாவட்ட அலுவலருடையது. நோயாளியின் மகளுடையது அன்று.

ஐந்தாவது, மருத்துவமனைகளுக்குத் தர வேண்டிய தொகை எவ்வளவு, எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். நிலுவை இருந்தால் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால், நிலுவையைக் காரணம் காட்டிக் கதவை அடைக்கிறவர்களுக்கு அந்தக் காரணம் இல்லாமல் போகட்டும்.

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். திட்டத்தின் தொகை உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் அதை அரசிடம் சொல்லுங்கள், வெளியேறவும் செய்யுங்கள். பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை நம்பி வருகிறவர்களிடம் ஆலோசனைக் கட்டணமும் எக்கோ கட்டணமும் வாங்கிக்கொண்ட பிறகு காப்பீடு இல்லை என்று சொல்லாதீர்கள். நுழைவாயிலில், டோக்கன் வாங்கும் இடத்துக்கு முன்பாக, இதய சிகிச்சை இந்த அட்டைக்கு இன்று உண்டா இல்லையா என்று தமிழில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, என் தந்தையின் வலது குழாயில் உள்ள அடைப்புக்கு எந்த மருத்துவமனையில், எந்த மருத்துவரிடம், எந்தத் தேதியில் சிகிச்சை நடக்கும் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவருடைய காப்பீட்டுப் பதிவு எண், மார்ச் 12ஆம் தேதியின் ஆஞ்சியோகிராம் அறிக்கை, ஏப்ரல் 23ஆம் தேதி கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் ஒளிப்படம், 16 மருத்துவமனைகளுக்கு நான் அழைத்த நாளும் நேரமும் குறித்த நோட்டின் நகல் ஆகியவற்றைப் பதிவு அஞ்சலில் தனியே அனுப்பியிருக்கிறேன். பதினைந்து நாள்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். தேதி கொடுக்க முடியாது என்பது உங்கள் முடிவானால், அதையும் காரணத்தோடு எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் உப்பளத் தொழிலாளியின் மகள்,
வேதாரண்யம்.